தானாகச் சொட்டும் நீருக்குக் கணக்கு உண்டா?

ஒளுச் செய்யும்போது தண்ணீரை விரயம் செய்யக்கூடாது என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்த மஸ்அலா. ஹஜ்ரத் ஸஅது (ரலி) அவர்கள் ஒளுச் செய்துகொண்டிருந்தபோது அவ்வழியே வந்த நாயகம் (ஸல்) அவர்கள் இதென்ன விரயம் என்று கேட்டதும், ஒளுவிலுமா விரயம் உண்டு என்று ஸஅது (ரலி) அவர்கள் வியந்ததும், ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்ததும் இப்னு மாஜாவில் வருகின்றன. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூறியிருக்கிறார்கள். ஆயினும் அதன் கருத்தை ஏற்று நம் ஃபிக்ஹு நூல்கள் சட்டம் வகுத்திருக்கின்றன.

அந்த ஹதீஸில் தண்ணீரை அள்ளிய ஒரு கை இருக்கிறது. கை இருந்தால் அதைப் பிடித்துக் கேட்கலாம். இங்கே நாம் எடுத்துக்கொள்வது கையே இல்லாத விரயத்தை. இஷாவுக்குப் பின் வீடெல்லாம் உறங்குகிறது. கொல்லைக் குழாய் ஃபஜ்ரு வரை சொட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் திறக்கவில்லை, யாரும் நிய்யத்து வைக்கவில்லை. செயல்கள் எல்லாம் நிய்யத்தைக் கொண்டே என்பது புகாரி ஷரீஃபின் முதல் ஹதீஸ். நிய்யத்தும் இல்லை, செயலும் இல்லை என்றால் அந்த நீருக்கு மஹ்ஷரில் யாரிடம் கணக்குக் கேட்கப்படும்?

இது ஏதோ கிதாபு ஓதுகிறவர்கள் பொழுதுபோக்குக்குக் கேட்கும் கேள்வி என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர் கிதாபு ஓதாத ஓர் அம்மாள்.

பொட்டிபுரம் பக்கத்தில் நான் இமாமாக இருக்கும் பள்ளிவாசலின் பின்புறம் ஒரு சந்து இருக்கிறது. ஒளுச் செய்யும் இடத்துக்குப் போகும் குழாய் அந்தச் சுவரை ஒட்டித்தான் செல்கிறது. அதில் ஒரு இணைப்பு தளர்ந்து, தண்ணீர் வரும் நேரமெல்லாம் சந்தில் ஓடிக்கொண்டிருந்தது. மோதினார் என்னிடம் சொன்னார். நான் முத்தவல்லி ஸாஹிபிடம் சொல்வோம் என்றேன், சொல்லவில்லை. இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். அந்த வாரங்களில் ஒரு ஜும்ஆவில் இஸ்ராஃபைப் பற்றியே பயான் செய்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஒரு மாலை, ஏலத்தோட்டத்து ஜீப்பிலிருந்து இறங்கி நேரே பள்ளிவாசலுக்கு வந்த அந்த அம்மாள் வெளிக்கதவில் நின்றுகொண்டு, "பாய், உங்க தண்ணி எங்க சந்துல ஓடுது. எங்க குழாயில மட்டும் ஓட மாட்டேங்குது. இது உங்க சாமிக்குத் தெரியுமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் களைப்பாகக் கேட்டார்.

அவர் கேள்வியின் கனம் தெரிய வேண்டுமானால் இந்த மண்ணின் நிலை தெரிய வேண்டும். போடிக்கும் தேவாரத்துக்கும் இடைப்பட்ட மலையடிவாரம் இது. மேலே ஏலமலை. தென்மேற்குப் பருவத்தில் அங்கே மேகம் முட்டி மழை கொட்டுகிறது. அதே மழைக்கு இந்த மலையே மறைப்பாக நிற்பதால், கீழே இருக்கும் நாம் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். வடகிழக்குப் பருவம் தவறினால் கிணறும் ஆழ்துளையும் வறண்டுவிடும். மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்த பெரியாற்று நீரை அணை கட்டி, மலையைக் குடைந்து 1895இல் கிழக்கே திருப்பியதால்தான் கம்பம் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக இருக்கிறது. அந்த நீரில் ஒரு பங்கு 18ஆம் கால்வாய் வழியாக உத்தமபாளையம், போடி வட்டங்களுக்கு வருகிறது. அணையில் 142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தபோது நம் டீக்கடைகளில் இனிப்பு வழங்கினார்கள். இன்றும் முல்லைப்பெரியாறு எத்தனை அடி என்று நம்மில் பலர் காலையில் பத்திரிகையில் பார்க்கிறார்கள்.

அதே போன்றதுதான் நியூட்ரினோ விவகாரமும். பொட்டிபுரத்து மலையைச் சுமார் 2 கிலோமீட்டர் குடைந்து ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, பாறையை உடைத்தால் ஊற்று என்னாகும், கிணறு என்னாகும் என்று மக்கள் கேட்டார்கள். வழக்குகள் நடந்தன. 2022 பிப்ரவரியில் தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் இந்த மலையில் அத்திட்டம் வேண்டாம் என்று தெரிவித்தது. அந்த அச்சத்தில் எது சரி, எது மிகை என்று தீர்ப்புச் சொல்ல நான் விஞ்ஞானி அல்லன். மலைக்குள் இருக்கும் நீருக்காக வீதிக்கு வந்த ஊர் இது என்பதை மட்டும் சொல்கிறேன். மலைக்குள் இருக்கும் நீருக்கு நாம் பதறுகிறோம், சுவருக்குள் இருக்கும் குழாயின் கசிவுக்குப் பதறுவதில்லை. முன்னதில் குற்றவாளி வேறொருவர் என்பதாலோ என்னவோ!

இனிச் சட்டத்துக்கு வருவோம்.

விரயம் என்பதில் எல்லா நீரும் ஒன்றல்ல என்று நம் ஹனஃபி நூல்கள் பிரித்துப் பேசுகின்றன. ஆற்று நீரையோ தனக்குச் சொந்தமான நீரையோ ஒளுவில் அளவு மீறிச் செலவழிப்பது மக்ரூஹ் தஹ்ரீமி என்று துர்ருல் முக்தார் கூறுகிறது. அதைச் சற்று இலேசாகக் கருதியவர்களும் உண்டு. ஆனால் ஒளுச் செய்பவர்களுக்கென்று வக்ஃபு செய்யப்பட்ட நீராயின் விரயம் ஹராம் என்கிறது அந்நூல். மதரஸாக்களின் தண்ணீரும் இதில் சேரும் என்று தனியே எடுத்துச் சொல்லியிருக்கிறது. மதரஸாவில் ஏழு வருஷம் தங்கி ஓதியவன் என்ற முறையில் அந்த வரியைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. நாங்கள் ஹவ்ளுக் கரையில் அடித்த கொட்டம் அப்படி!

காரணம் தெளிவானது. தன்னுடையதை வீணாக்குபவன் தனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே கணக்கு வைத்துக்கொள்கிறான். பிறருக்கும் பங்குள்ளதை வீணாக்குபவனோ பிறர் உரிமையில் கை வைக்கிறான். இப்போது கேட்க வேண்டியது, தெருக்குழாய் வழியே நம் வீட்டுக்கு வரும் தண்ணீர் எந்த வகை என்பது.

நாம் வரி கட்டுகிறோம், ஆகையால் நம் சொந்தம் என்று சிலர் கூறுவார்கள். பாத்திரத்தில் பிடித்த நீர் பிடித்தவனுக்குச் சொந்தம் என்பது உண்மையே. உங்கள் குடத்துக்கும் மாடித் தொட்டிக்கும் வந்துவிட்டது உங்களுடையது. ஆனால் இன்னும் குழாயில் இருப்பது யாருடையது? வரி என்பது கொண்டுவந்து தரும் செலவுக்கு நாம் தரும் பங்கு. அடுத்த வீட்டுக்காரரும் அதே பங்கைத் தந்திருக்கிறார். மக்கள் தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் பங்காளிகள் என்ற ஹதீஸை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஆக, தொட்டிக்கு உட்பட்ட கசிவு நம் சொந்த விரயம், தொட்டிக்கு முந்திய கசிவு பங்காளிகளின் பொருள். என் பள்ளிவாசல் கசிவு இரண்டாவது வகை. அதிலும் ஒளுவுக்கென்று வந்த நீர்.

சரி, பொருள் யாருடையது என்பது தெரிந்தது. செயல் யாருடையது? நான் திறக்காத கசிவு எப்படி என் செயலாகும்?

இதற்குக் கிதாபுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, தண்ணீரைப் பற்றியே பேசாத ஒரு பாடத்தில் விடை கிடைத்தது. ஹிதாயாவில் தியத்துடைய பாடத்தில், சாய்ந்த சுவரைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. ஒருவன் சுவரை நேராகத்தான் கட்டினான். பிறகு அது பொது வழியின் பக்கம் தானாகச் சாய்ந்தது. விழுந்து ஒருவருக்குச் சேதம் ஏற்பட்டால் அவன் பொறுப்பாளியா? அவனிடம் எவரும் சொல்லாதிருந்தால் பொறுப்பில்லை. சாய்ந்தது அவன் செயல் அல்லவே! ஆனால் ஒருவர் வந்து, உன் சுவர் சாய்ந்திருக்கிறது, இடித்துவிடு என்று சாட்சிகளோடு சொல்லி, இடிப்பதற்கான சக்தியும் அவகாசமும் இருந்தும் அவன் வாளாவிருந்தால், அதன்பின் விழும் சுவருக்கு அவன் பொறுப்பாளி. சுவர் முன்பு எப்படிச் சாய்ந்ததோ அப்படியே தான் சாய்ந்து நிற்கிறது. அறிவிப்பு ஒன்றுதான் புதிதாக வந்தது. அந்த அறிவிப்பு, சுவரின் சாய்வை மனிதனின் செயலாக மாற்றிவிட்டது.

சொட்டும் குழாய்க்கு இதை ஒப்பிடுவது என் சிற்றறிவின் கியாஸ். உயிர்ச்சேதத்தின் நஷ்டஈட்டுச் சட்டம் அது; இதில் அந்த அளவு பொறுப்பு வரும் என்று நான் கூறவில்லை. பெரியவர்களான முஃப்திகள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன். ஆனால் மனச்சாட்சிக்கு இதைவிடத் தெளிவான அளவுகோலை நான் காணவில்லை. நேற்று இரவு நாம் அறியாமல் சொட்டியது மன்னிக்கப்பட்டதாக இருக்கலாம். இன்று காலை கண்ணால் பார்த்த பின் சொட்டுவது நாம் சொட்டவிடுவது.

அந்தப் பாடத்தில் இன்னும் மூன்று விவரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நம் வீட்டுக்குள் வந்து பேசுகிறது.

யார் அறிவிக்கலாம்? முஸ்லிமும் அறிவிக்கலாம், முஸ்லிமல்லாத குடிமகனும் அறிவிக்கலாம், இரண்டும் சமம் என்கிறது ஹிதாயா. வழியில் நடக்கும் உரிமையில் மக்கள் எல்லாரும் பங்காளிகள் என்பதே அதற்குக் காரணம். வெளிக்கதவில் நின்று கேட்ட அந்த அம்மாளின் வார்த்தை, ஒரு காஜியின் ஓலையைப் போல எனக்கு அறிவிப்பாகிவிட்டது. அதற்கு முன்பே மோதினார் சொன்னதும் அறிவிப்புத்தான். நம் வீடுகளிலும் குழாய் சொட்டுவதை முதலில் காண்பவர்கள் பெண்களே. மனைவி சொல்வாள், வாப்பா வரட்டும் என்று மகள் காத்திருந்து சொல்வாள், நாம் "நாளைக்குப் பார்ப்போம்" என்போம். அந்த நாளை மூன்று மாதம் கழித்தும் வராது. அவள் சொன்ன அந்த நிமிடத்திலிருந்தே கணக்குப் புத்தகம் திறந்துவிட்டது என்பதைக் குடும்பத் தலைவர்கள் அறியட்டும்.

யாரிடம் அறிவிக்க வேண்டும்? இடிக்கும் அதிகாரம் உள்ளவரிடம். வாடகைக்கு இருப்பவரிடம் சொல்வது செல்லாது. இதை வீட்டு உரிமையாளர்கள் கவனிக்க வேண்டும். குழாயை மாற்றித் தாருங்கள் என்று குடியிருப்பவர் கேட்டபின், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வாடகையை மட்டும் வாங்கிக்கொள்பவர், சொட்டுகிற நீரின் கணக்கையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். ஆனால் உரிமையாளரிடம் சொல்லாமலே இருந்துவிட்ட வாடகைக்காரர் தப்பித்தாரா? அறிவிக்கும் கடமை அவர்மேல் நிற்கிறது.

மூன்றாவது, முதலிலேயே சாய்வாகக் கட்டிய சுவர். இதற்கு அறிவிப்பே தேவையில்லை, கட்டியவன் பொறுப்பாளி. தெருக்குழாய் இணைப்பில் மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறோமே, அது இந்த வகை. தானாகச் சாய்ந்தது என்று அங்கே சொல்ல இடமில்லை. நாமே சாய்த்துக் கட்டியது. உறிஞ்சும் வீட்டின் தொட்டி நிரம்பி வழிய, மேட்டுத் தெருவில் இருக்கும் வீட்டுக்குக் காற்றுத்தான் வரும். அந்தத் தண்ணீரால் ஒளுச் செய்து தொழுகிறோம். தொழுகை கூடும் கூடாது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. தொழுதுவிட்டு ஸலாம் கொடுக்கும்போது வலப்பக்கம் திரும்புகிறோம், அந்தப் பக்கத்தில்தான் மேட்டுத் தெரு இருக்கிறது என்பதை மட்டும் நினைத்துக்கொள்வோம்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சொட்டு கால் மில்லி, வினாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 86,400 வினாடிகள். பெருக்கிப் பார்த்தால் 21 லிட்டருக்கு மேல் வருகிறது. கிராமத்து வீடுகளுக்கு ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் கொடுக்க வேண்டும் என்பது 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அதில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே குழாயின் சொட்டில் போய்விடுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளுச் செய்தார்கள், ஒரு ஸாவு நீரில் குளித்தார்கள் என்று ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறது. நம் மத்ஹபின் கணக்கில் ஒரு முத்து ஏறக்குறைய 1 லிட்டர். ஷாஃபியீ மத்ஹபில் இன்னும் குறைவு. ஆக அந்தச் சொட்டு ஒரு நாளில் கொண்டுபோவது 21 ஒளு. ஐவேளைக்குப் புதிதாக ஒளுச் செய்தாலும் நான்கு நாளைக்குப் போதும்.

ஹவ்ளு இருந்த காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. அள்ளியது மட்டும் செலவாகும், மிஸ்வாக்குச் செய்யும்போதும் தலையைத் தடவும்போதும் ஹவ்ளு சும்மா இருக்கும். இன்று குழாயைத் திறந்துவிட்டு, சட்டைக் கையை மடித்து, பக்கத்திலிருப்பவரிடம் ஏலக்காய் விலை என்ன போயிற்று என்று விசாரித்து, அதன் பிறகுதான் முகம் கழுவுகிறோம்!

கசிந்த நீர் எங்கே போய்விட்டது, பூமிக்குள் தானே போயிற்று, மரம் குடிக்கும், கிணறு ஊறும் என்று ஒரு நண்பர் வாதித்தார். நியாயமான வாதம்தான். நாம் நட்ட மரத்திலிருந்து பறவையோ விலங்கோ உண்டால் ஸதகாவின் நன்மை உண்டென்பது ஹதீஸ். ஒளுச் செய்து விழுந்த நீர் சுத்தமானது, அதைக் கொண்டு மீண்டும் ஒளுச் செய்ய முடியாதே தவிர தென்னைக்கு விடத் தடையில்லை. பள்ளிவாசல்கள் இதைச் செய்தால் மிக நல்லது. ஆனால் மலையிலிருந்து குழாயில் வந்து, மருந்து கலந்து, மின்சாரம் செலவழித்து மேடேற்றிய நீர், அடுத்த வீட்டுக் குடத்துக்குப் போகும் வழியில் சாக்கடையில் விழுவது ஸதகா ஆகாது. பிறர் பொருளில் ஸதகா கொடுக்க நமக்கு அனுமதி யார் தந்தது?

அதோடு ஓட்டை என்பது ஒரு வழிப் பாதை அல்ல. நம் ஊர்களில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் இருப்பதில்லை, முறை வைத்துத்தான் விடுகிறார்கள். தண்ணீர் வரும்போது ஓட்டை வழியே வெளியே கசிகிறது. நின்றபின் குழாய் வெறுமையாகும்போது அதே ஓட்டை வழியே வெளியிலிருப்பதை உள்ளே இழுக்கிறது. அது சாக்கடை ஓரமாக இருந்தால் எது உள்ளே வரும் என்று எழுத வேண்டியதில்லை. மறுநாள் முதல் குடத்தில் நிறமோ வாடையோ மாறியிருந்தால், வயிற்றுப்போக்கு வரும் என்று டாக்டர் அஞ்சுவார். ருசி, நிறம், வாடை மூன்றில் ஒன்று நஜீஸால் மாறிவிட்டதென்றால் ஒளுவே கூடாது என்று ஃபிக்ஹு கூறும். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தெளிவாக வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவரின் அலட்சியம் தெருவின் தஹாரத்தையே கெடுத்துவிடுகிறது.

கண்டுபிடிப்பது பெரிய வித்தையும் அல்ல. இஷா தொழுதபின் மாடித் தொட்டியின் நீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஃபஜ்ருக்கு எழுந்ததும், யாரும் குழாயைத் தொடுமுன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் வீட்டில் எங்கோ கசிவு இருக்கிறது. பெரும்பாலும் குழாயின் வாஷர் தேய்ந்திருக்கும். வாஷரின் விலையைக் கேட்டால் நமக்கே வெட்கமாயிருக்கும்.

என் விஷயத்துக்குத் திரும்புகிறேன். அன்று மஃரிபுக்குப் பின் முத்தவல்லி ஸாஹிபிடம் போனேன். மறுநாளே ஆள் வந்து அரை மணி நேரத்தில் இணைப்பைச் சரி செய்துவிட்டார். மூன்று வாரம் தள்ளிப்போட்ட வேலை அரை மணி நேரம்!

கசிவு அடைபட்டது, கணக்கு அடைபட்டதா? ஹக்குல்லாஹ்வுக்குத் தவ்பா உண்டு. ஹக்குல் இபாதுக்கோ உரியவரிடம் மன்னிப்புப் பெற வேண்டும். எங்கள் கசிவினால்தான் அந்தச் சந்தில் தண்ணீர் ஏறவில்லை என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, அந்தக் குழாயில் வேறு ஓட்டைகளும் இருக்கலாம். உரியவர் யாரென்றே தெரியாத பொருளை அவர் பெயரால் தர்மம் செய்துவிட வேண்டும் என்பது நம் இமாம்களின் வழி. அதன்படி, ஜமாஅத்தின் செலவில் அந்தச் சந்தின் பொதுக்குழாய்க்குப் புதிய குழாய்த் தலையும் வாஷரும் போட்டுத் தருவதென்று முடிவு செய்தோம். ஆனால் முயன்றால் தெரிந்துகொள்ளக்கூடிய உரியவரைத் தேடாமல் தர்மத்தைக் கொண்டு கணக்கை முடிப்பதும் சரியல்லவே.

எனவே அந்த அம்மாளிடமே போய், எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றேன். அவர் சிரித்துவிட்டு, "எனக்காச்சும் பாதிக் குடம் வந்துச்சு பாய். கடைசி வீட்டுக்குத்தான் ஒண்ணுமே வரல. அங்க போய்க் கேளுங்க" என்றார்.

கடைசி வீட்டில் ஒரு வயதான தாயாரும் மகளும். நான் போனபோது கதவு பூட்டியிருந்தது. மகள் மலைக்குத் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். முறைத் தண்ணீர் வர இன்னும் ஒரு நாள் இருந்ததால், தாயார் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு அடுத்த தெருக் குழாயடிக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.